மூன்றாம் வாயில்காரிக்கு ஒரு காயச் சான்றிதழ்

வெறுப்பதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். அப்படிச் சிரிப்பவர்கள் யாரும் அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடிக்குப் போனதில்லை.

அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி. ஆறு வருஷமாக ஒரே விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். ஏழு வாயில்கள் உள்ள ஒரு நகரம், அதில் மனிதர்கள், குள்ளர்கள், தலையில் கொம்பு முளைத்த கொம்பர்கள். மலைகளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. குள்ளர்களின் தாடிக்கு மட்டும் இரண்டு வருஷம். மிச்ச மூன்று வருஷமும் நாலாவது மாடியில் போயிற்று.

நாலாவது மாடியில் இருந்தது பரிவுக் குழு. அது பிறந்த கதை சின்னது. கம்பெனியின் பழைய விளையாட்டு ஒன்றில் செருப்புத் தைப்பவன் ஒருவன் வருவான். அவனுக்குக் குள்ளர்களைக் கண்டால் ஆகாது. ஏன் ஆகாது என்று யாரும் எழுதவில்லை. விளையாடிய ஒருவர், 'இவன் கெட்டவன் போலிருக்கிறதே' என்று கடிதம் போட்டுவிட்டார். நிர்வாகம் ஆடிப்போய்விட்டது. காரணமே இல்லாமல் ஒரு கெட்டவன், அதுவும் நம் கம்பெனியில்! அன்று சாயங்காலமே குழு அமைந்தது. இனிமேல் எந்தப் பாத்திரமும் காயம் இல்லாமல் யாரையும் வெறுக்கக் கூடாது. காயம் இருந்தால் தாராளமாக வெறுக்கலாம். காயம் இருக்கிறதா, எத்தனை அங்குலம், யாரால், எப்போது என்பதையெல்லாம் பதினோராம் எண் படிவத்தில் நிரப்பித் தர வேண்டும்.

குழுவில் மூன்று பேர். தலைவர் அதற்கு முன்பு மெத்தைக் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் இருந்தவர். பதினோரு வருஷம் தூக்கம் வராதவர்களின் குறைகளைத் தொலைபேசியில் கேட்டவர் என்பதால் மனித வேதனை அவருக்கு அத்துப்படி என்று நிர்வாகம் கணித்தது. இரண்டாமவர் அளவையாளர். கால்குலேட்டரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருப்பார், பூனையைத் தடவுகிற மாதிரி. மூன்றாமவர் செயலாளர் அம்மா. நடவடிக்கைக் குறிப்பும் பிஸ்கட் டப்பாவும் அவர் பொறுப்பு. இரண்டில் எதை அவர் அதிகமாகக் காவல் காத்தார் என்பதைச் சொல்வதற்கில்லை.

இவர்களிடம்தான் மாட்டிக்கொண்டார் நம் வசனகர்த்தா. ஐம்பத்திரண்டு வயது. கம்பெனியில் அவரை 'வசனம்' என்றுதான் கூப்பிடுவார்கள். 'வசனம், சாப்பிட்டாச்சா?' 'வசனம், லிஃப்ட் வந்துடுச்சு.' அவருக்குக் கிடைத்த பாத்திரம் மூன்றாம் வாயிலைக் காக்கிற காவல்காரி. நல்ல மனுஷி. வழிப்போக்கருக்குக் கஞ்சி ஊற்றுவாள். நொண்டி நாய்க்குக் கட்டுப் போடுவாள். கொம்பன் வந்தால் மட்டும் கதவைத் திறக்க மாட்டாள். முன்னொரு நாள் பூட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு கொம்பன் வந்து அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனான். புருஷன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவள் அப்படி.

வசனகர்த்தா இதோடு நிறுத்தவில்லை. கதையின் கடைசியில், மழை கொட்டுகிற ஒரு நாளில், யாரோ ஒரு கொம்பன் வந்து வாயிலில் நிற்பான். அவள் அவனைப் பார்ப்பாள். "மழையில எதுக்கு நிக்கிற? உள்ள வா" என்பாள். அவ்வளவுதான் காட்சி. இந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற நானூறு வரியையும் எழுதினார். குழு முத்திரை குத்தினால் வரி உண்டு. இரண்டு மாதக் கெடு முடிகிற வெள்ளிக்கிழமைக்குள் குத்தாவிட்டால் வெட்டிவிடுவார்கள். வெட்டிவிட்டால் அவர் எழுதியது பேசத் தெரிந்த ஒரு சுவர். அதற்குக் கொத்தனாரே போதும்.

முதல் கூட்டத்தில் அளவையாளர் அட்டவணையை விரித்தார். அதன் பெயர் காய-வெறுப்பு விகித அட்டவணை. பெற்றோரில் ஒருவரை இழந்தால் நாற்பது மார்க். புருஷனோ பெண்டாட்டியோ என்றால் ஐம்பத்தைந்து. வீடு எரிந்தால் முப்பது. ஆடு செத்தால் பன்னிரண்டு, ஆட்டுக்குப் பெயர் வைத்திருந்தால் பதினைந்து. எதிர்ப்பக்கத்தில் வெறுப்பு. முகம் சுளித்தால் பத்து, காறித் துப்பினால் இருபது, கதவைத் திறக்காவிட்டால் எழுபது.

"காயம் ஐம்பத்தஞ்சு, வெறுப்பு எழுபது" என்றார் அளவையாளர். "பதினஞ்சு துண்டு விழுது."

"அப்ப கொஞ்சம் குறைச்சு வெறுக்கச் சொல்லட்டுமா சார்? கதவைப் பாதி திறக்கிற மாதிரி?"

தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "வசனம், வெறுப்பைக் குறைக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு? அது அந்தப் பொண்ணோட உணர்ச்சி. நாம காயத்தைத்தான் கூட்டித் தரணும். அதுதான் பரிவு."

"ஒரு ஆடு சேர்த்துக்கோங்க, பெயரோட. சரியாப் போயிடும்" என்றார் அளவையாளர்.

"ஆடு வேண்டாம், நாய்" என்றார் செயலாளர் அம்மா. "நாய் செத்தாத்தான் ஜனங்க உடனே அழறாங்க."

நாய் செத்தது. ஆனால் கூட்டம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்ததால் வீடும் எரிந்தது. அடுத்த கூட்டத்தில் இரண்டு தம்பிகள் போனார்கள். அதற்கடுத்ததில் இடது காது. நாலாவது வாரம் பொம்மையை அசைக்கிற பிரிவுக்காரர் படியேறி வந்து, "இவ்வளவும் பறிகொடுத்தவ எழுந்து வாசலுக்கு வரவே மாட்டாளே, நான் எப்படி நடக்க வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது அளவையாளருக்கு வேறு சங்கடம். காயம் இருநூற்றைத் தாண்டிவிட்டது, வெறுப்போ வெறும் எழுபது. மீதி வெறுப்பை எங்கே போடுவது? வீணாகப் போகுமே! குள்ளர்களையும் சேர்த்து வெறுக்கச் சொன்னார்கள். அப்படியும் மிஞ்சியது. மீன்களை வெறுக்கலாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க விவாதம் நடந்தது. மீன் வாயிலுக்கு வராது என்பதால் கைவிடப்பட்டது. கடைசியில் தம்பிகளை உயிர்ப்பித்து, வீட்டை அணைத்து, காதை ஒட்டவைத்து, பழையபடி ஐம்பத்தைந்துக்கே வந்து சேர்ந்தார்கள். நாயை மட்டும் செயலாளர் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகுதான் கடைசிக் காட்சி வந்தது. தலைவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இந்தக் கொம்பன் அவளுக்கு என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"காப்பாத்தினானா? பாம்பு கடிச்சப்போ விஷத்தை உறிஞ்சினானா? ரத்தம் கொடுத்தானா?"

"இல்ல சார். நனைஞ்சுட்டு நிக்கிறான்."

"நம்ம விதி என்ன தெரியுமா? கொம்பர்ல ஒருத்தன் மூணு நற்செயல் பண்ணினா, அவன் ஒருத்தனுக்கு மட்டும் கதவு. சும்மா நின்னதுக்கெல்லாம் திறந்துவிட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்களே?"

"சும்மா நிக்கிறவனுக்குத்தானே சார் கதவு? பாம்பு விஷம் உறிஞ்சறவன் எப்படியும் உள்ளதான் இருப்பான்."

இதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதலாமா வேண்டாமா என்று செயலாளர் அம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தலைவரைப் பார்த்தார். தலைவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"இப்படி ஒரு பொம்பளை உலகத்துல உண்டா? ஆதாரம் என்ன?" என்றார் அளவையாளர்.

வசனகர்த்தாவுக்கு ஆறு வாரத்து எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் இல்லாம? எங்க அக்காவே இருக்காங்க!" என்று சொல்லிவிட்டார். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதற்குள் செயலாளர் அம்மா எழுதி முடித்திருந்தார். 'மூலக் காயத்தைச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் குழு முன் ஆஜர்படுத்தவும்.'

மூலக் காயம் அப்போது வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் மழைக்கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. அந்தக் குடியிருப்பில் அறுந்த பித்தான், கிழிந்த பை, விட்டுப்போன ஜிப் எல்லாம் அவரிடம்தான் வரும். கேட்டால் மறுக்க மாட்டார். கேட்காவிட்டாலும் விட மாட்டார். லிஃப்டில் யார் சட்டையிலாவது பித்தான் தொங்கினால் கைப்பையிலிருந்து ஊசி வந்துவிடும். அவர் புருஷன் தையல் மெஷின் ரிப்பேர் செய்தவர். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் ஒரு நாள் மத்தியானம், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் வந்து, அவசரம், மெஷின் நின்றுவிட்டது என்று கூட்டிப்போனான். அன்றைக்குத்தான் ஊரில் கலவரம் மூண்டது. பாலத்தை அடைத்தார்கள். மூன்றாம் நாள் திறந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. கூட்டிப்போனவனுக்கும் என்ன ஆயிற்றோ, தெரியாது.

அக்கரைக்காரர்கள் பேசும்போது சொல்லின் வாலைக் கொஞ்சம் இழுப்பார்கள். 'வந்தேன்' என்பது 'வந்தேனேஏ' என்று முடியும். அந்த இழுப்பு காதில் விழுந்தால் அக்கா கதவுச் சங்கிலியைப் போட்டுவிடுவார், தொலைபேசியாக இருந்தால் வைத்துவிடுவார். அந்த வட்டாரத்தில் இருந்த ஒரே பிளம்பர் அக்கரைக்காரர். அதனால் சமையலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு குண்டான். நிறைந்ததும் செடிக்கு ஊற்றுவார். செடி இரண்டு முறை அழுகிவிட்டது.

"அக்கா, அந்தப் பிளம்பர் நல்லவராம். கூப்பிடலாமே" என்று தம்பி எப்போதாவது சொல்வதுண்டு.

"எனக்கு யார் மேலயும் வெறுப்பு கிடையாதுடா. இது அனுபவம்."

அந்தப் பேச்சு அதோடு முடியும். குழாய் மட்டும் தொடரும்.

அன்று சாயங்காலம் வசனகர்த்தா தொண்டையைக் கனைத்தபோதே அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்ன பண்ணித் தொலைச்சே?"

சொன்னார். அக்கா நூலைப் பல்லால் அறுத்தார்.

"என்னைக் கேக்காம என்னை விளையாட்டுல போட்டுட்டியா?"

"நீங்கன்னு இல்லக்கா. உங்களை மாதிரி..."

"மாமாவையும் போட்டியா?"

"...பூட்டுக்காரரா மாத்திட்டேன்."

அக்கா தைத்த பித்தானை இழுத்து இழுத்துப் பார்த்தார். "அவருக்குப் பூட்டும் ரிப்பேர் பண்ணத் தெரியும்" என்றார் கடைசியில். பிறகு, "அவளுக்கு உருப்படியா ஒரு சட்டையாவது போட்டிருக்கியா? இல்ல, கிழிசலா?"

"கவசம்க்கா. இரும்பு."

"இரும்புன்னா பித்தான் கிடையாது. என்ன பொழைப்பு" என்றபடி அக்கா செவ்வாய்க்கிழமைக்கு எதைக் கட்டிக்கொள்வது என்று அலமாரியைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை குழு வழக்கத்தைவிட அரை அங்குலம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதுவரை காகிதத்தில் மட்டுமே காயத்தைப் பார்த்தவர்கள். இது நடந்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டது.

"உங்க வேதனையில நாங்க பங்கெடுத்துக்கறோம்மா" என்றார் தலைவர். "பத்துக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு சொன்னா போதும்."

"எதைச் சொல்றீங்க? அன்னைக்கா, மறுநாள் அவர் டிபன் டப்பாவைக் கழுவினேனே, அப்பவா?"

அளவையாளர் அட்டவணையில் டிபன் டப்பாவைத் தேடினார். இல்லை.

"சராசரியா" என்றார்.

"சராசரியா நல்லாத்தான் இருக்கேன். சார், உங்க கோட்டுல ரெண்டாவது பித்தான் தொங்குது, பாருங்க."

தலைவர் குனிந்து பார்ப்பதற்குள் அக்கா எழுந்து போய்விட்டார். ஊசியில் ஏற்கெனவே நூல் கோத்திருந்தது. "கோட்டைக் கழட்ட வேண்டாம். அசையாம இருங்க, ஊசி நெஞ்சுக்குக் கிட்ட இருக்கு."

இப்படியாகக் குழுத் தலைவர் மூக்கை மேலே தூக்கி வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடர வேண்டியதாயிற்று.

"மூலக் காயம் உள்ளவங்க பாத்திரத்தை விளையாடிப் பார்த்துக் கையெழுத்து போடணும். விதி அப்படி. ஆனா ஒரு சின்னச் சிக்கல். இந்த அறை மெஷின்ல கொம்பனா மட்டும்தான் விளையாட முடியும். மனுஷனா விளையாடுற மெஷின் இரண்டாவது மாடியில சவுண்டு பிரிவுகிட்ட இருக்கு."

"எடுத்துட்டு வரச் சொல்லுங்களேன்."

செயலாளர் அம்மா பிஸ்கட் டப்பாவை மூடினார். அளவையாளர் கூரையைப் பார்த்தார். வசனகர்த்தாவும் தன் செருப்பைப் பார்த்தார். நாலு வருஷமாக அவரும் இரண்டாவது மாடி வந்தால் படிக்கட்டில் கொஞ்சம் வேகமாகத்தான் நடப்பார். ஏன் என்று அவர் யோசித்ததில்லை. எல்லாரும் அப்படி நடந்தார்கள்.

"சவுண்டு ஆளுங்களை இந்த அறைக்குள்ள விடறதில்லைம்மா" என்றார் தலைவர்.

"அப்படி என்ன பண்ணாங்க?"

"அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு மீட்டிங்குக்கு வந்தாங்க. அதுல ஒருத்தன் என் கப்புல காபி குடிச்சுட்டான்."

"சரி. அவனை விடாதீங்க."

"அவன் வேலையை விட்டுப் போயே நாலு வருஷம் ஆச்சு. ஆனா விஷயம் அவன் இல்லைம்மா. கப்பைக் கண்டா குடிக்கிற ஆளுங்கன்னு தெரிஞ்சுபோச்சே! இவங்க குடிக்கல, வாஸ்தவம். ஏன்னா நாங்க விடல. தப்பா எடுத்துக்காதீங்க. நான் இந்தக் கம்பெனியிலேயே பரிவுக்குப் பேர் போனவன். எனக்கு யார் மேலயும் வெறுப்பு கிடையாது." தலைவர் மூக்கை இன்னும் உயர்த்தினார். "இது அனுபவம்."

ஊசி நின்றது.

அக்கா ஒரு கணம் தலைவரின் முகத்தை, கண்ணாடியில் ஏதோ அழுக்கைப் பார்த்தவர் போலப் பார்த்தார். பிறகு அளவையாளர் பக்கம் திரும்பி, "ஏங்க, கப்புக்கு உங்க அட்டவணையில எத்தனை மார்க்?" என்று கேட்டார்.

அளவையாளருக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம். "பாத்திர பண்டம்... உடையாதது... அரை மார்க்" என்று படித்துவிட்டு, படித்தது என்ன என்று அதன் பிறகு புரிந்து, கால்குலேட்டரை வேகமாகத் தடவ ஆரம்பித்தார்.

"கொம்பனாவே விளையாடறேன். கொண்டாங்க" என்றார் அக்கா.

திரையில் மழை கொட்டியது. அக்காவுக்குக் கொம்பு இருந்தது. முதுகில் ஒரு மூட்டை. கையிலிருந்த பெட்டியில் எந்தப் பித்தானை அமுக்கினால் நடக்கும் என்று தம்பி காட்டிக்கொடுத்தார். இரண்டு மரத்தில் முட்டி, ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்து, அக்கா மூன்றாம் வாயிலுக்கு வந்து சேர்ந்தார். கதவுத் துவாரத்தில் காவல்காரியின் கண்கள் தெரிந்தன.

"யாரது? கொம்பனா? வந்த வழியே போ."

திரையின் அடியில் சொல்வதற்கு மூன்று பதில்கள் இருந்தன. அக்கா, 'நனைந்துவிட்டேன், ஒதுங்க இடம் வேண்டும்' என்பதை அமுக்கினார்.

"உங்களால பட்டது போதும். போ."

"நான் என்னம்மா பண்ணேன்?" இதற்குப் பித்தான் இருந்தது. ஆனால் அக்கா வாயாலேயே கேட்டுவிட்டார். தம்பி பித்தானை அமுக்கினார்.

"நீ பண்ணல. உன்னை மாதிரி ஒருத்தன் பண்ணான்."

"அவன் யாரோ, நான் யாரோ! இதென்னடா அநியாயமா இருக்கு!" அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இந்தப் பொம்பளைக்குக் கண்ணு இருக்கா இல்லையா? மூட்டையோட ஒரு ஆள் நனையறது தெரியல? கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசறா! இவ நல்லவன்னு யாருடா சொன்னது?"

"நாய்க்கெல்லாம் கட்டுப் போடறாங்க" என்றார் செயலாளர் அம்மா, சமாதானமாக.

"நாய்க்குப் போடட்டும்! நான் நாயைவிடக் கேவலமா?"

திரையில் காவல்காரி துவாரத்தை மூடப்போனாள். மூடுவதற்கு முன் ஒரு வரி மிச்சமிருந்தது. வசனகர்த்தாவுக்கு அது என்ன வரி என்று தெரியும். எங்கிருந்து எடுத்தார் என்பதும் தெரியும். மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று பார்த்தார்.

"எனக்கு யார் மேலயும் வெறுப்பு கிடையாது" என்றாள் காவல்காரி. "இது அனுபவம்."

துவாரம் மூடியது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அக்கா கையிலிருந்த பெட்டியை மெதுவாக மேஜைமேல் வைத்தார். தலைவர் மட்டும், "ரொம்ப நல்ல வரி. இது யார் சொன்ன மாதிரியோ இருக்கே?" என்று நிஜமாகவே யோசித்தார்.

"எங்க கையெழுத்து போடணும்?" என்றார் அக்கா.

போட்டார். வெறுப்புக்கு முத்திரை விழுந்தது. பிறகு தலைவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இப்ப கதவைத் திறக்கிற காட்சி. அம்மா, உங்க வீட்டுக் கதவை அந்த ஆளுங்க யாருக்காவது எப்பவாவது திறந்துவிட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்லன்னு சொன்னேனே."

"பார்த்தீங்களா வசனம்! வெறுப்புக்கு ஆதாரம் இருக்கு. திறக்கிறதுக்கு ஆதாரம் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வந்தா பார்க்கலாம். இல்லேன்னா அந்த இடத்துல 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது'ன்னு ஒரு போர்டு வச்சிடறோம். நாயோட சமாதி வேணும்னா பக்கத்துல வச்சுக்கலாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். ஆறு நிறுத்தம் கடந்தது. ஏழாவதில், "கடைசியில திறக்கிறாளாடா?" என்றார்.

"எழுதியிருக்கேன்க்கா. வெட்டிடுவாங்க."

"அவன் என்ன பண்ணான்னு திறக்கிறா?"

"ஒண்ணும் பண்ணல. மழை பெய்யுது. அவ்வளவுதான்."

அக்கா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னை இப்படியா எழுதுவே? கிராதகா" என்றார், இறங்குகிற சமயத்தில்.

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. குண்டான் இரண்டு முறை நிறைந்தது. வியாழக்கிழமை காலையில் அக்கா தொலைபேசியை எடுத்து யாரிடமோ விலாசம் சொல்வது குளியலறையிலிருந்த வசனகர்த்தாவுக்குக் கேட்டது. எதிர்முனையில் யார் என்று கேட்கவில்லை. ஆனால் கதவை ஒருக்களித்துப் பார்த்தபோது அக்கா காதிலிருந்து அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி.

பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது.

அந்தக் குடியிருப்பில் வாசலுக்கு மேலே கூரை கிடையாது. வெளி நடைபாதை, திறந்தவெளி. அன்று லீவு போட்டிருந்த வசனகர்த்தா எழுந்தார். "நீ உட்காரு" என்றார் அக்கா. போய்க் கதவைத் திறந்தார். சங்கிலியோடுதான். நாலு விரல் இடைவெளியில் ஒரு ஆள் தெரிந்தான். நாற்பது வயது இருக்கும். தலைக்குமேல் கருவிப் பையைப் பிடித்திருந்தும் தொப்பலாக நனைந்திருந்தான்.

"குழாய் ஒழுகுதுன்னு சொன்னீங்களேஏ" என்றான்.

அந்த இழுப்பு உள்ளே வந்தது. அக்காவின் கை சங்கிலிமேல் இருந்தது. அந்த மனிதன் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணை அண்ணாந்து பார்த்தான். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. உள்ளே குண்டானிலும் ஒரு சொட்டு.

சங்கிலி கழன்றது.

"மழையில எதுக்கு நிக்கிற?" என்றார் அக்கா. "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

வசனகர்த்தா தன் வரியை அடையாளம் கண்டுகொண்டார். அக்கா அந்தப் பக்கத்தைப் படித்ததே இல்லை. செருப்பு மட்டும் அக்காவின் திருத்தம். பரவாயில்லை என்று விட்டுவிட்டார்.

பிளம்பர் சமையலறைக்குள் போனான். அக்கா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்பேனர் சத்தம் மட்டும். அவன் கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் இவனுக்கு எத்தனை வயது என்று விரலை மடக்கினார். நாலாவதோ ஐந்தாவதோ வகுப்பு. விரலைப் பிரித்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. "முடிஞ்சுதேஏ" என்று அவன் எழுந்தான். குழாயைத் திறந்து மூடினான். ஒரு கணம் எல்லாரும் குழாயைப் பார்த்தார்கள்.

சொட்டியது. முன்பைவிடச் சற்று வேகமாகவே சொட்டியது.

வசனகர்த்தா கண்ணை மூடிக்கொண்டார். இதோ வரப்போகிறது, முப்பத்தொரு வருஷத்துச் சேமிப்பு. இவனுங்களே இப்படித்தான், பாலத்துக்கு அந்தப் பக்கமே இப்படித்தான்...

"ஏம்ப்பா!" அக்கா முழங்கையைத் தட்டி அவனை நகர்த்திவிட்டுக் குழாயருகே குனிந்தார். "வாஷரைத் தலைகீழாப் போட்டிருக்கியே! யாரு உனக்குத் தொழில் கத்துக் கொடுத்தது? ஸ்பேனரைப் பிடிக்கிற பிடியைப் பாரு, கரண்டி பிடிக்கிற மாதிரி. எங்க வீட்டுக்காரர் மெஷின் ரிப்பேர்க்காரர். இதை அவர்கிட்ட கொடுத்திருந்தா ரெண்டு நிமிஷம். அப்பேர்ப்பட்டவர் வீட்டுல வந்து நீ இப்படியா வேலை பண்ணுவே?"

"நாளைக்குப் புது வாஷர் கொண்டுவந்து போட்டுடறேனேஏ."

"வராம இருந்து பாரு, நானே வந்து கூட்டிட்டு வருவேன். இந்தா, தலையைத் துவட்டிட்டுப் போ. சட்டையில ஒரு பித்தானாவது ஒழுங்கா இருக்கா? நில்லு, நில்லு..."

ஊசி வெளியே வந்தது. பிளம்பர் மூக்கை மேலே தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை வசனகர்த்தா பதினோராம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். போகிற வழியில் இரண்டாவது மாடிப் படிக்கட்டில் நிதானமாகவே நடந்தார். அங்கே ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார், தன் சொந்தக் கப்பில்.

குழு அந்தப் படிவத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் செயலாளர் அம்மா விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு போனார். நிரம்பியிருந்தது. அளவையாளர் தலையாட்ட, தலைவர் இரண்டாவது பித்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.

கதவு திறந்ததற்கான ஆதாரம் என்ற கட்டத்தில் வசனகர்த்தா ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்: 'பிளம்பர் வந்து போயும் குழாய் இன்னும் சொட்டுகிறது.'